அப்பா காலில் அடைப்பு: முழங்காலுக்குக் கீழே எடுக்கச் சொல்கிறார்கள். மயக்கம் கொடுக்காமல் பலூன் வைப்பது பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

#1 மணப்பாறைக்காரி

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 71 வயது. இருபது வருடத்துக்கு மேலாகச் சர்க்கரை. சித்திரை மாதம் கோயிலுக்குப் போனவர் உச்சி வெயிலில் வெளிப்பிரகாரக் கல்லில் வெறுங்காலோடு சுற்றியிருக்கிறார். சுட்டதே அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் வலது பெருவிரல் அடியில் கொப்புளம். அது உடைந்து புண்ணாகி இப்போது விரல் நுனி கறுத்துவிட்டது. ராத்திரியில் வலி தாங்காமல் எழுந்துவிடுகிறார். கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டால்தான் கொஞ்சம் அடங்குகிறது.

ஊரில் காட்டிய இடத்தில் கட்டு மாற்றி மாற்றி ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். இப்போது, "இது மேலே ஏறிக்கொண்டே போகும், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவது நல்லது" என்கிறார்கள். எக்கோவில் இதயம் 35 சதவீதம்தான் வேலை செய்கிறது என்று வந்திருப்பதால் முழு மயக்கம் கொடுப்பதும் ஆபத்தாம். சித்தப்பா மகன், இதயத்துக்குச் செய்வதுபோல் காலுக்கும் ஆஞ்சியோ செய்து பலூன் வைக்கலாம், மரத்துப்போகும் ஊசி மட்டும் போதும் என்கிறான். உண்மையா? யாராவது வீட்டில் செய்திருக்கிறீர்களா? அம்மாவுக்கு இன்னும் விஷயம் தெரியாது.

#2 பழைய நர்ஸ்

முதலில் ஒன்று சொல்லம்மா. காலை எடுக்கச் சொன்னவர்கள் காலில் நாடி பார்த்தார்களா? பாதத்தின் மேல்புறம் ஒரு நாடி, உள்பக்கக் கணுக்காலுக்குப் பின்னால் ஒரு நாடி. விரலை வைத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்களா? கணுக்காலிலும் கையிலும் பிரஷர் பார்த்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து ஒரு எண் எழுதியிருப்பார்கள், அது ரிப்போர்ட்டில் இருக்கிறதா?

அந்த எண் 0.9க்குக் கீழே போனால் ரத்தக்குழாயில் அடைப்பு. 0.4க்குக் கீழே என்றால் நிலைமை மோசம். ஆனால் சர்க்கரைக்காரர்களுக்கு அதை மட்டும் நம்பக்கூடாது. குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகிவிட்டால் பட்டை இறுக்கினாலும் அமுங்காது. எண் 1.4க்கு மேலே போய் நிற்கும். பார்க்கிறவர், "ரத்த ஓட்டம் பிரமாதம்" என்று அனுப்பிவிடுவார். அப்படிப்பட்டவர்களுக்குக் கால் விரலில் பிரஷர் பார்க்க வேண்டும்.

காலைத் தொங்கப்போட்டால் வலி குறைகிறது என்கிறாயே, அது ரத்தம் பற்றாத காலின் அடையாளம். கட்டு மாற்றுவதாலும் மருந்தாலும் மட்டும் அந்தப் புண் ஆறாது. ஆன்டிபயாடிக் புண்ணுக்குப் போய்ச் சேர ரத்தம் வேண்டாமா? சீழ், நாற்றம், காய்ச்சல் இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காதே, இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ.

#3 மணப்பாறைக்காரி

காய்ச்சல் இல்லை அக்கா. சீழும் இல்லை, காய்ந்த மாதிரிதான் இருக்கிறது. நாடி யாரும் பார்க்கவில்லை. டாப்ளரும் எடுக்கவில்லை. எக்ஸ்ரே மட்டும் எடுத்தார்கள்.

#4 ஈயச்சட்டை

நான் கேத் லேபில் (ஆஞ்சியோ, பலூன் எல்லாம் செய்யும் அறை) டெக்னீஷியன். டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் பார்ப்பதை எழுதுகிறேன்.

உங்கள் தம்பி சொன்னது சரிதான். காலுக்குச் செய்யும் பலூன் சிகிச்சைக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் தேவையில்லை. தொடை இடுக்கில் லிக்னோகைன் ஊசி போடுவோம். சுருக்கென்று ஒரு குத்து, கொஞ்ச நேரம் எரிச்சல், பிறகு அந்த இடம் மரத்துவிடும். மிகவும் பயப்படுகிறவர்களுக்கு லேசாகத் தூக்கம் வரும் மருந்து சேர்த்துக் கொடுப்பார்கள். பேச்சு மூச்செல்லாம் அவரவருடையதுதான். இதயம் பலவீனமானவர், நுரையீரல் சரியில்லாதவர் என்று மயக்க டாக்டர் தயங்கும் ஆட்கள்தான் எங்களிடம் அதிகம் வருகிறார்கள்.

மரத்த இடத்தில் ஊசியால் ரத்தக்குழாயைக் குத்தி, ஊசிக்குள் ஒரு கம்பியை விட்டு, ஊசியை எடுத்துவிட்டு, கம்பியின் மேல் இரண்டு மூன்று மி.மீ. தடிமனில் ஒரு பிளாஸ்டிக் குழாயை ஏற்றிவிடுவார்கள். அதுதான் வாசல். இனி எல்லாமே அந்த வாசல் வழியாகத்தான். ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் போவதும் அப்போதுதான். எக்ஸ்ரேயில் குழாய் தெரிவதற்கான டை மருந்தைச் செலுத்தும்போது கால் முழுக்கச் சூடு பரவும். முன்கூட்டியே சொல்லாவிட்டால், "சிறுநீர் போய்விட்டதோ" என்று பலர் பதறுவார்கள். குழாய்க்குள் கம்பி ஊர்வது நோயாளிக்குத் தெரியாது. திரையைப் பார்த்து, "அது என் காலா?" என்று கேட்டவர்கள் உண்டு.

நேரம் பிடிப்பது கம்பியை அடைப்பைத் தாண்டி விடுவதற்குத்தான். கம்பியின் தடிமன் 0.36 மி.மீ. முழுதாக மூடிய இடத்தில் அது சுருண்டுகொண்டு திரும்பும். டாக்டர் முன்னே, பின்னே, திருப்பி, வேறு கம்பி மாற்றி என்று முக்கால் மணி நேரம் நிற்பதும் நடக்கும். மேலிருந்து முடியாவிட்டால் பாதத்தில் ஒரு குழாயைக் குத்திக் கீழிருந்து மேலே கம்பியை அனுப்புவதும் உண்டு. கம்பி தாண்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. முழங்காலுக்குக் கீழே இரண்டு, மூன்று மி.மீ. அகலப் பலூன்தான். நீளம் மட்டும் ஒரு சாண் வரை இருக்கும். அதை அடைப்புக்குள் வைத்து இரண்டு மூன்று நிமிடம் ஊதி வைப்போம்.

ஊதும்போது வலிக்கும். மரத்துப்போகும் ஊசி தொடைக்குத்தான், கெண்டைக்காலுக்கு இல்லையே. ஆனால் அந்த வலி எங்களுக்கு வேண்டும். அளவுக்கு மீறி விரித்தால் வலி கூடும், நோயாளி சொல்வார், டாக்டர் நிறுத்துவார். முழு மயக்கத்தில் கிடப்பவர் எதையும் சொல்லமாட்டார்.

வயதானவர்களுக்கு உண்மையான கஷ்டம் வேறு. ஒரு மணி, இரண்டு மணி நேரம் அந்த ஒடுக்கமான மேசையில் அசையாமல் மல்லாந்து கிடக்க வேண்டும். இடுப்பு வலிக்கும். ஏசி குளிரும். சிறுநீர் முட்டும். இருமல் இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

#5 குமரிக்கடல்

ஈயச்சட்டை அண்ணன் சொன்ன கடைசிப் பத்தி நூற்றுக்கு நூறு. என் அத்தைக்குச் செய்தபோது, "கால் பரவாயில்லை, முதுகுதான் போச்சு" என்றார்.

இன்னொரு விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள். அத்தைக்குப் புண் இடது காலில். வெளியே வந்தபோது கட்டு வலது தொடையில்! மாமா வார்டில் போட்ட சண்டை இருக்கிறதே, செக்யூரிட்டி வரைக்கும் போய்விட்டது. "கால் மாற்றிச் செய்துவிட்டார்கள்" என்று ஊருக்கே போன் போட்டுவிட்டார். அப்புறம்தான் ஒரு பயிற்சி டாக்டர் பேப்பரில் படம் போட்டு விளக்கினார்.

#6 ஈயச்சட்டை

அது அடிக்கடி நடக்கிற சண்டை. பேண்ட்டின் இரண்டு கால்களும் இடுப்பில் சேர்வதுபோல, இரண்டு கால் ரத்தக்குழாய்களும் தொப்புள் மட்டத்தில் பெரிய குழாயில் சேர்கின்றன. எதிர்க்காலில் நுழைந்து, மேலே ஏறி, சேருமிடத்தில் திரும்பி, புண் இருக்கிற காலில் இறங்கலாம். இடுப்பிலோ தொடையின் மேல்பகுதியிலோ அடைப்பு என்றால் இதுதான் வசதி. முழங்காலுக்குக் கீழே மட்டும் அடைப்பு என்றால் அதே காலில் கீழ்நோக்கிக் குத்துவார்கள். எந்தப் பக்கம் குத்தப்போகிறார்கள் என்று முன்னாலேயே கேட்டுவைத்தால் செக்யூரிட்டிக்கு வேலை இல்லை.

#7 சந்தேகசாமி

எல்லோரும் விளம்பரம் மாதிரி எழுதுகிறீர்கள். மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

ஒன்று, காலில் பலூன் வைத்துத் திறந்த குழாய் சில மாதத்தில் மறுபடி அடைத்துக்கொள்ளும். என் நண்பரின் அண்ணனுக்கு இரண்டு தடவை செய்து, கடைசியில் காலும் போனது, காசும் போனது. இரண்டு, நிலையான இதய அடைப்புக்கு ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் ஸ்பிரிங்) வைத்தவர்களையும் மாத்திரை மட்டும் எடுத்தவர்களையும் ஒப்பிட்ட இஸ்கீமியா ஆய்வில் 5,179 பேர் இருந்தார்கள். 2019ல் முடிவு வந்தது. உயிரிழப்பில் வித்தியாசம் இல்லை. மூன்று, மருந்து பூசிய பலூன் வைத்தவர்கள் அதிகம் இறந்தார்கள் என்று 2018 கடைசியில் ஒரு ஆய்வு உலகத்தையே ஆட்டியது. இதையெல்லாம் கவுன்டரில் பணம் கட்டும்போது யாரும் சொல்வதில்லை.

#8 வாஸ்குலர் பிஜி

சந்தேகசாமி சார், மூன்றுமே உண்மையில் நடந்தவைதான். ஆனால் மூன்றையும் இந்த அப்பாவின் கால்மேல் கொண்டுவந்து இறக்குவது நியாயமில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இஸ்கீமியா ஆய்வு, நடமாடிக்கொண்டு வேலை செய்யும் ஆட்களின் இதய அடைப்பைப் பற்றியது. மாரடைப்பு வந்து துடிப்பவர்களை அதில் சேர்க்கவே இல்லை. அதைக் காலோடு ஒப்பிட்டே தீர வேண்டும் என்றால், நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், நின்றால் சரியாகிவிடும் என்ற நிலையில் இருப்பவர்களோடு ஒப்பிடலாம். அவர்களுக்கு நாங்களும் முதலில் பலூனைப் பற்றிப் பேசுவதில்லை. புகையை விடுங்கள், ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினோ கிளோபிடோக்ரலோ ஒன்று, கூடவே கொழுப்பு மாத்திரை, தினமும் வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடங்கள் என்றுதான் சொல்கிறோம். பலருக்கு நடக்கும் தூரம் நன்றாகவே கூடுகிறது. அந்த நிலையில் இருப்பவரிடம் உடனே பலூன் என்று யாராவது சொன்னால் உங்கள் சந்தேகத்தை நானும் சேர்ந்து படுவேன்.

இங்கே விரல் கறுத்திருக்கிறது, படுத்தால் வலி. இது வேறு நோய் மாதிரியே நடத்த வேண்டிய கட்டம். ரத்தம் போகாவிட்டால் கால் போகும். விரலை மட்டும் எடுத்தாலும் எடுத்த இடம் ஆறாது, மறுபடி கொஞ்சம் மேலே, மறுபடி இன்னும் மேலே என்று போகும்.

மறுபடி அடைக்கும் என்பதும் சரிதான், முழங்காலுக்குக் கீழே குறிப்பாக. ஆனால் புண் ஆறுவதற்குத் தேவைப்படும் ரத்தம் மிக அதிகம், ஆறிய தோலைக் காப்பாற்றத் தேவைப்படுவது குறைவு. சில மாதம் திறந்திருந்து அதற்குள் புண் மூடிவிட்டால், பிறகு குழாய் சுருங்கினாலும் பலருக்குக் கால் நிற்கிறது. இடைவெளியை வாங்கித் தருகிற சிகிச்சை அது. அந்த இடைவெளியில் சர்க்கரை, புண், செருப்பு எதையும் கவனிக்காவிட்டால் உங்கள் நண்பரின் அண்ணனுக்கு நடந்ததுதான் நடக்கும்.

மருந்து பூசிய பலூன் விஷயத்தில் நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். பலூனில் பூசும் பாக்லிடாக்சல் மருந்தைப் பற்றி அந்த ஆய்வு வந்ததும் 2019ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விட்டது. பிறகு நீண்டகாலத் தகவல்களையெல்லாம் சேர்த்துப் பார்த்து, இறப்பு கூடுவதற்கு ஆதாரம் இல்லை என்று 2023 ஜூலையில் அதே எஃப்டிஏ சொல்லிவிட்டது.

உண்மையிலேயே டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பலூனா, பைபாஸா (அடைப்பைச் சுற்றி ரத்தம் போக வேறு குழாய் வைத்துத் தைப்பது)? இதில் பெரியவர்களுக்குள்ளேயே சண்டை. 2022ல் வந்த பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வில் 1,830 பேர். காலிலேயே நல்ல நீளமான சிரை ஒன்று கிடைக்குமானால் பைபாஸ் முந்தியது. அப்படிச் சிரை இல்லாதவர்களுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. அடுத்த வருடமே பிரிட்டன் தலைமையில் நடந்த பேசில்-2 வந்தது. 345 பேர், எல்லோருக்கும் முழங்காலுக்குக் கீழே அடைப்பு. அதில் முதலில் பலூன் வைத்தவர்கள்தான் காலோடு அதிக காலம் இருந்தார்கள். பைபாஸ் பக்கம் இறப்பு கூடியதுதான் முக்கியக் காரணம். இதயம் 35 சதவீதம் உள்ள 71 வயதுக்காரருக்கு எந்தப் பக்கம் சாய்வது என்பதில் எனக்குப் பெரிய குழப்பம் இல்லை. இருந்தாலும் படம் பார்க்காமல் சொல்லக்கூடாது.

மணப்பாறைக்காரி, காலை எடுக்கக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் அதற்குத் தனித் துறையே உண்டு. திருச்சி, மதுரைப் பக்கமும் விசாரியுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். ஆஸ்பத்திரியில் காப்பீட்டுக்கென்று ஒரு மேசை இருக்கும், சிகிச்சையின் பெயரைச் சொல்லி அனுமதி கிடைக்குமா என்று கேளுங்கள்.

#9 தேன்துளி

எதற்கு இவ்வளவு கஷ்டம்? பூண்டுச் சாறு, இஞ்சிச் சாறு, எலுமிச்சைச் சாறு, ஆப்பிள் சிடர் வினிகர் நான்கையும் ஒவ்வொரு கப் எடுத்துக் காய்ச்சி, ஆறியதும் தேன் கலந்து காலையில் வெறும் வயிற்றில் குடித்தால் எந்த அடைப்பும் கரையும். எங்கள் குடும்ப குரூப்பில் எல்லோரும் குடிக்கிறோம்.

#10 பழைய நர்ஸ்

உங்கள் குரூப்பில் எத்தனை பேருக்கு விரல் கறுத்திருந்தது?

பூண்டும் இஞ்சியும் சமையலில் தாராளமாகப் போடுங்கள், நானும் போடுகிறேன். குழாய்ச் சுவருக்குள் சுண்ணாம்பாக இறுகிப்போனதை வயிற்றில் விழும் சாறு கரைக்காது. சர்க்கரைக்காரருக்குத் தினமும் காலையில் தேன் வேறு. அந்தப் பெண் ஏற்கெனவே பல வாரத்தைக் கட்டு மாற்றுவதிலேயே விட்டிருக்கிறாள். இன்னும் ஒரு மண்டலம் குடித்துப் பார்க்கலாம் என்று அவள் வீட்டில் யாராவது சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இதேபோல, அறுவை சிகிச்சை இல்லாமல் சொட்டு மருந்து ஏற்றி அடைப்பைக் கரைக்கிறோம் என்று போர்டு வைத்திருக்கும் இடங்களும் உண்டு. அந்தப் பக்கமும் போக வேண்டாம்.

#11 பச்சைநரம்பு

எனக்கும் காலில் அடைப்புதான். கால் நரம்பு புடைத்து, சாயங்காலம் கணுக்கால் வீங்கும். லேசர் வைத்தார்கள், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். பயப்படாதீர்கள் சகோதரி.

#12 வாஸ்குலர் பிஜி

உங்களுக்குச் செய்தது வெரிகோஸ் சிரைக்கு. அது காலிலிருந்து ரத்தம் மேலே திரும்பும் வழியில் வந்த கோளாறு. இவருக்கு இதயத்திலிருந்து காலுக்கு இறங்கும் வழியே மூடியிருக்கிறது. வெரிகோஸுக்குக் காலைத் தூக்கி வைத்தால் சுகம், இவருக்குத் தூக்கினால் வலி கூடும். ஒரு எச்சரிக்கை: வெரிகோஸுக்குப் போடும் இறுக்கமான காலுறையை இந்த அப்பாவுக்கு யாரும் மாட்டிவிடாதீர்கள். இருக்கிற கொஞ்ச ரத்தமும் நின்றுவிடும்.

#13 பழைய பேப்பர்

மருத்துவம் தெரியாது, சரித்திரம் கொஞ்சம் தெரியும். இந்தச் சிகிச்சை முதலில் வந்ததே காலுக்குத்தான், இதயத்துக்கு அல்ல.

1964 ஜனவரி 16, அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரம். 82 வயது மூதாட்டி. விரல்கள் அழுக ஆரம்பித்துவிட்டன. காலை எடுக்க வேண்டும் என்றார்கள், பாட்டி முடியவே முடியாது என்றுவிட்டார். சார்லஸ் டாட்டர் என்ற எக்ஸ்ரே டாக்டர் தொடைக் குழாய் வழியாகக் கம்பியை விட்டு, அதன் மேல் ஒன்றைவிட ஒன்று தடிமனான குழாய்களை ஏற்றி அடைப்பைத் திறந்தார். பலூனெல்லாம் அப்போது இல்லை. கால் சூடேறியது, புண் ஆறியது. இரண்டரை வருடம் கழித்து நிமோனியாவில் இறக்கும்வரை அந்தப் பாட்டி சொந்தக் காலில்தான் நடந்தார்.

அமெரிக்க சர்ஜன்கள் டாட்டரைக் கிறுக்கன் என்றே நினைத்தார்கள். படம் எடுக்க நோயாளியை அனுப்பும் சீட்டில், "படம் மட்டும் எடுக்கவும், சரிசெய்ய முயல வேண்டாம்" என்று எழுதி அனுப்பிய கதை பிரபலம். ஐரோப்பாவில்தான் இதை மதித்தார்கள். ஜெர்மனியில் பிறந்து சூரிச்சில் வேலை பார்த்த ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக், வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பலூன் செய்து பார்த்து, 1974ல் ஒரு நோயாளியின் காலில் வைத்தார். 1977 செப்டம்பர் 16 அன்று அதே யோசனையைச் சின்னதாக்கி இதயத்துக்குக் கொண்டுபோனார். நோயாளி விழித்துக்கொண்டேதான் இருந்தார். குருன்ட்சிக் பிறகு அமெரிக்கா போனார், 1985ல் விமான விபத்தில் இறந்தார்.

அவரிடம் பயின்ற மாத்யூ சாமுவேல் களரிக்கல்தான் இந்தியாவில் இதய ஆஞ்சியோபிளாஸ்டியைத் தொடங்கி வைத்தவர். சென்னையில்தான் வேலை பார்த்தார், 2025 ஏப்ரலில் காலமானார்.

மரத்துப்போகும் ஊசியிலேயே இதெல்லாம் நடக்கும் என்று நிரூபித்தவர் இவர்களுக்கெல்லாம் மூத்தவர். 1929ல் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் ஜெர்மன் டாக்டர் தன் கையையே மரக்கவைத்து, சிரைக்குள் ஒரு குழாயை விட்டு இதயம் வரை தள்ளிக்கொண்டு, நடந்துபோய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். அப்போது எல்லோரும் திட்டினார்கள். 1956ல் நோபல் கொடுத்தார்கள்.

#14 மணப்பாறைக்காரி

எல்லோருக்கும் நன்றி. அந்தப் பாட்டி கதையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், "கெட்டிக்காரி" என்றார்.

திருச்சியில் ரத்தநாள டாக்டர் ஒருவரிடம் காட்டினோம். வந்ததும் முதலில் பாதத்தில் விரல் வைத்துத்தான் பார்த்தார். பழைய நர்ஸ் அக்காவை நினைத்துக்கொண்டேன். டாப்ளரில் தொடையில் ஓரளவு ஓட்டம் இருக்கிறது, முழங்காலுக்குக் கீழே மூன்று குழாயில் இரண்டு முழு அடைப்பு, மூன்றாவது ஒல்லியாக ஓடுகிறது என்று வந்தது. ஆஞ்சியோ செய்து, முடிந்தால் அப்போதே பலூன் என்கிறார். பயம் என்னவென்றால், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.7. டை போட்டால் கிட்னி போய்விடும் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார். ஸ்பிரிங் வைப்பார்களா என்றும் அம்மா கேட்கிறார். (அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது. நான் நினைத்ததைவிட நிதானமாக இருக்கிறார்.)

#15 வாஸ்குலர் பிஜி

கிட்னி பற்றிய பயம் நியாயமானது, ஆனால் அதுவே கதவை மூடிவிடாது. முன்னும் பின்னும் சலைன் ஏற்றுவார்கள். அவருக்கு இதயம் பலவீனம் என்பதால் அளந்துதான் ஏற்ற வேண்டும், அதைப் பார்த்துக்கொள்வார்கள். டையின் அளவை முடிந்தவரை குறைப்பார்கள். சில இடங்களில் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தியே தொடைக் குழாய்களைப் படம் எடுத்துவிட்டு, கீழ்ப்பகுதிக்கு மட்டும் கொஞ்சம் டை பயன்படுத்துகிறார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுக்கிறாரா? எடுத்தால் எப்போது நிறுத்துவது, மறுபடி எப்போது தொடங்குவது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வலி மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம், அதுவும் கிட்னியைக் கெடுக்கும். செய்து இரண்டு மூன்று நாளில் கிரியாட்டினின் மறுபடி பார்க்க வேண்டும்.

முழங்காலுக்குக் கீழே பெரும்பாலும் வெறும் பலூன்தான். ஸ்பிரிங் வைப்பது தொடையில், இடுப்பில். கரைந்துபோகும் ஸ்டென்ட் ஒன்று கீழ்ப்பகுதிக்கென்று அமெரிக்காவில் 2024ல் அனுமதி பெற்றிருக்கிறது, அவ்வளவுதான்.

#16 உப்பளம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மச்சானுக்கு வயது 36, சர்க்கரை கிடையாது. பீடி மட்டும் நிறுத்தாமல் குடிப்பார். இரண்டு கால் விரலும் கறுத்துவிட்டது. அவருக்கும் இந்தப் பலூன் வைக்கலாமா?

#17 வாஸ்குலர் பிஜி

நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்டால் பர்கர் நோயாக இருக்கலாம். 1908ல் லியோ பர்கர் விவரித்த நோய். புகையிலையால் கை கால்களின் சின்னச் சின்னக் குழாய்கள் வீங்கி மூடிக்கொள்ளும். அதில் பலூன் விட நல்ல பாதை கிடைப்பதே கடினம். பீடியை முழுக்க விட்டால் நோய் பெரும்பாலும் அங்கேயே நிற்கும், ஒன்றிரண்டு என்று குறைத்தால் நிற்காது. அவரை உடனே கூட்டிப் போய்க் காட்டுங்கள். தனி இழை தொடங்குங்கள், அங்கே வந்து எழுதுகிறேன்.

#18 மணப்பாறைக்காரி

முடிந்தது. எல்லோரிடமும் சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

அதே வலது தொடையில்தான் குத்தினார்கள். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். அப்பா உள்ளே டாக்டரிடம் நெல் விலை பேசியிருக்கிறார். பலூன் ஊதியபோது, "கெண்டைக்காலை யாரோ முறுக்குகிற மாதிரி இருக்கிறது" என்றாராம், உடனே குறைத்தார்களாம். ஒரு குழாய் முழுதாகத் திறந்து பாதம் வரை ஓடுகிறது. இன்னொன்றில் கம்பி போகவில்லை, விட்டுவிட்டார்கள். குழாயை எடுத்த பிறகு ஒரு பையன் கால் மணி நேரத்துக்கு மேல் தொடையை அழுத்திக்கொண்டே நின்றான், பிறகு மணல் மூட்டை வைத்தார்கள். ராத்திரி வரை காலை மடக்கக்கூடாது என்றார்கள். அதுதான் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

பாதம் சூடாகிவிட்டது. இரவு வலி இல்லை. ஆனால் கால் வீங்கியிருக்கிறது, தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலமாக இருக்கிறது. கறுத்த நுனியை அடுத்த வாரம் எடுப்பார்கள், விரலின் பாதி போகுமாம். காலுக்கு ஆபத்து இப்போதைக்கு இல்லை என்றார்கள்.

#19 பழைய நர்ஸ்

நல்ல செய்தி. பல வாரம் பட்டினி கிடந்த காலுக்குத் திடீரென்று ரத்தம் வந்தால் வீங்கும், கொஞ்ச நாளில் வற்றும். நீலம் பச்சையாகி மஞ்சளாகி மறையும். ஆனால் தொடையில் கட்டி மாதிரி எழும்பி, தொட்டால் துடித்தாலோ, திடீரென்று பெரிதானாலோ, பாதம் மறுபடி சில்லிட்டாலோ காத்திருக்காமல் போக வேண்டும். இருமும்போதும் மலம் கழிக்க முக்கும்போதும் குத்திய இடத்தைக் கையால் அழுத்திக்கொள்ளச் சொல்.

#20 சந்தேகசாமி

மகிழ்ச்சி அம்மா, மனதாரச் சொல்கிறேன். ஆனாலும் கேட்கிறேன், பில் எவ்வளவு? இன்னொரு குழாய் திறக்கவில்லையே, மறுபடி வரச் சொன்னார்களா?

#21 மணப்பாறைக்காரி

காப்பீட்டில் பெரும்பகுதி கழிந்தது சார், மருந்தும் சில்லறைச் செலவும் நாங்கள் கட்டினோம். இன்னொரு குழாயை இப்போது தொடப்போவதில்லையாம். புண் ஆறுகிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். மூன்று மாதத்தில் டாப்ளர் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு கடைசிக் கேள்வி. ஆஸ்பிரினும் கிளோபிடோக்ரலும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு ஒரு பல் ஆடுகிறது, பிடுங்க வேண்டும். பல் டாக்டர் இரண்டையும் ஒரு வாரம் நிறுத்திவிட்டு வரச் சொல்கிறார். நிறுத்தலாமா?

#22 வாஸ்குலர் பிஜி

நீங்களாக நிறுத்தாதீர்கள். பலூன் விரித்த இடம் உள்ளே இன்னும் பச்சைப் புண்தான், இந்த நேரத்தில் மாத்திரையை விட்டால் ரத்தம் அங்கேயே உறைய வாய்ப்பு அதிகம். ஒரு பல் பிடுங்குவதற்குப் பெரும்பாலும் மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே பஞ்சை அழுத்தி, தேவைப்பட்டால் தையல் போட்டுச் சமாளித்துவிடலாம். தள்ளிப்போட முடிகிற பல் என்றால் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள். பல் டாக்டரையும் பலூன் வைத்த டாக்டரையும் போனில் பேசிக்கொள்ளச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் நம்பர் இருக்கும்.

#23 மணப்பாறைக்காரி

சரி அண்ணா, நாளைக்கே பேசச் சொல்கிறேன்.